காப்பாற்றப்படும் வயிறு

அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளை ஒட்டிய கடலில், இரும்புச் சட்டத்தில் வலை கட்டிய பெரிய கூண்டுகளை ஒரே நீளக் கயிற்றில் வரிசையாகக் கோத்து இறக்குகிறார்கள். அவை போய் உட்காரும் ஆழம் பெரும்பாலும் 300 மீட்டருக்கும் கீழே. வெளிச்சம் போகாத இடம். நாள்கள் கழித்து மேலே இழுக்கும்போது கூண்டுக்குள் பொன்னிற ராஜ நண்டுகள் இருக்கும். மேசையில் கொட்டியதும், கையுறை போட்ட கை ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்க்கிறது. அடிவயிற்று மூடி குறுகலாக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். பெண் என்றால் அப்படியே கடலுக்கு. ஆண் என்றால் அடுத்து அளவுகோல் வரும்: முட்களையும் சேர்த்து ஓட்டின் அகலம் 6 அங்குலம் இருந்தால் தொட்டிக்குள், குறைந்தால் அதுவும் கடலுக்கு.

இது மீனவர்களின் இரக்கமல்ல, சட்டம். அளவு, பால், பருவம் என்ற மூன்றை வைத்துத்தான் அலாஸ்காவில் ராஜ நண்டுப் பிடிப்பு நடக்கிறது. ஆங்கிலத்தில் மூன்று சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் மூன்று எஸ் விதி என்பார்கள். பெரிய ஆணை மட்டும் எடு, பெண்ணைத் தொடாதே, இணைசேரும் காலத்திலும் ஓடு மாற்றும் காலத்திலும் கூண்டு போடாதே. பொன்னிற நண்டுக்கு இந்த மூன்றாவது அவ்வளவாகப் பொருந்தாது. ஆழத்தில் வாழும் இந்த இனத்துக்குப் பருவமே கிடையாது. ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதோ ஒரு பெண் நண்டு ஓடு மாற்றிக்கொண்டிருக்கும், ஏதோ ஒன்று முட்டை சுமந்துகொண்டிருக்கும். ஆகவே அவளைக் காக்க மிஞ்சுவது பால் என்ற ஒரு வரிதான்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெண் என்பதற்காக ஒருத்தியைச் சாகவிடாமல் காப்பது அவளுக்குச் செய்யும் மரியாதையா?

கேள்வி நண்டுக்கு அதிகம் என்று தோன்றலாம். கான்ட்டைக் கேட்டால், அறிவுள்ள உயிரைத்தான் வெறும் கருவியாக நடத்தக் கூடாது, நண்டு அந்தக் கணக்கில் வராது என்று முடித்துவிடுவார். ஆனால் இந்த விதி எப்படி யோசிக்கிறது என்பது நமக்கு மிகவும் பழக்கமானது. பெண் நண்டு திரும்பப் போவது அவள் பொருட்டு அல்ல. அடுத்த ஆண்டுகளில் பிடிக்க ஆண் நண்டு வேண்டும், அதைப் பெற்றுத்தர ஒரு வயிறு வேண்டும். ஆண் சரக்கு, பெண் அந்தச் சரக்கைச் செய்யும் ஆலை. ஆலையை யாரும் விற்றுத் தின்பதில்லை.

இந்த வேறுபாட்டை நமக்குத் தமிழில் துலக்கமாகச் சொல்லித் தந்தவர் பெரியார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் கர்ப்பத்தடை பற்றிய கட்டுரை ஒன்று இருக்கிறது. தாயின் உடல்நலம், பிள்ளையின் நலம், குடும்பச் சொத்து, நாட்டின் பொருளாதாரம் ஆகியவற்றுக்காகக் கர்ப்பத்தடை வேண்டும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். தான் அதைக் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று பிரித்துச் சொல்கிறார். செய்கை ஒன்று, காரணம் இரண்டு. காரணம் எதுவாயிருந்தால் என்ன, மாத்திரை கிடைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். போதாது. நாட்டின் பொருளாதாரத்துக்காகக் கொடுக்கப்பட்டதை நாட்டின் பொருளாதாரத்துக்காகவே திரும்பப் பிடுங்க முடியும். மக்கள்தொகை கூடும்போது அறுவைசிகிச்சை முகாம், குறையும்போது மூன்றாவது பிள்ளைக்கு ஊக்கத்தொகை. நடுவில் படுத்திருப்பவள் ஒருத்தியே.

வகுப்பில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "அப்படின்னா பெண் நண்டையும் பிடிச்சுத் தின்னலாம்ங்கிறீங்களா மேடம்? சமத்துவம்னா அதுதானே?" என்றாள். வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி. வெந்நீரில் விழுவதைவிடக் கடலில் விழுவது மேல், இதில் வாதத்துக்கு இடமில்லை. விதி இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்வேன். அதை அவளுக்குச் செய்த சலுகையாக எழுதி வைப்பதைத்தான் மறுக்கிறேன். சலுகை என்று எழுதியவுடன் நன்றி எதிர்பார்க்கப்படும். நம் வீடுகளில் அந்தப் பட்டியல் நீளம். வெளியே போகாதே என்பது பாதுகாப்பு, இருட்டுவதற்குள் வா என்பது பாதுகாப்பு, மாதத்தில் மூன்று நாள் மூலையில் உட்கார் என்பது ஓய்வு. நன்றி சொல்லாதவள் கொழுத்தவள். நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்ற பழமொழியை நான் முதலில் கேட்டது ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சில்தான்.

இன்னொன்று. திரும்பக் கடலுக்குப் போவதெல்லாம் பிழைப்பதில்லை. இருட்டிலும் நிலையான குளிரிலும் வாழ்ந்த உடல், பல நூறு மீட்டர் இழுபட்டு வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் வந்து, மேசையில் விழுந்து, எறியப்பட்டு, மறுபடி அத்தனை ஆழம் இறங்க வேண்டும். கால் முறியலாம், ஓடு விரியலாம். நண்டு வளத்தைக் கணக்கிடும் அறிவியலாளர்கள், இப்படித் திருப்பி விடப்படுபவற்றில் 100க்கு 20 செத்துப்போகும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். சட்டத்தின்படி அவளை யாரும் கொல்லவில்லை. காப்பாற்றும்போது செத்துப்போகிறாள்.

வலி தெரியுமா அவளுக்கு? நண்டு, இறால் வகைகளுக்கு உணர்வு உண்டு என்று ஏற்று, பிரிட்டன் 2022இல் தன் விலங்குநலச் சட்டத்தில் அவற்றையும் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்னரே 2009இல் ராபர்ட் எல்வுட்டும் மிர்யம் அப்பெலும் துறவி நண்டுகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காலிச் சங்குக்குள் உடலை நுழைத்து வாழும் நண்டு இது. சங்குக்குள் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால் வெளியே வருகிறது. ஆனால் எல்லாச் சங்கிலிருந்தும் ஒரே மாதிரி வருவதில்லை. தனக்குப் பிடிக்காத சங்கு என்றால் சீக்கிரம் விட்டுவிடுகிறது. பிடித்த சங்கு என்றால் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. படிக்கும்போது எனக்கு நண்டு மறந்துபோய், எவ்வளவு அடித்தாலும் புகுந்த வீட்டை விட்டு வராத எத்தனையோ பேர் நினைவுக்கு வந்தார்கள். வீடு என்பது விட்டு வந்தால் வேறு கிடைக்காத பொருள்.

துறவி நண்டை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. ராஜ நண்டு உண்மையில் நண்டே அல்ல என்கிறார்கள். நாம் குழம்பு வைக்கும் நண்டின் குலம் வேறு. ராஜ நண்டு துறவி நண்டின் வழியில் வந்தது என்று 1992இல் மரபணுச் சான்றுகளோடு ஒரு கட்டுரை வெளிவந்தது. சங்கைத் துறந்து, தானே கெட்டி ஓடு வளர்த்துக்கொண்ட கிளை இது. பழைய வீட்டின் அடையாளம் இன்னும் உடம்பில் இருக்கிறது, அதுவும் பெண்ணிடம் துலக்கமாக. ஆணின் அடிவயிற்று மூடி ஏறக்குறைய இருபக்கமும் ஒத்திருக்கும். பெண்ணின் மூடி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும்; முட்டைகளைப் பற்றிக்கொள்ளும் சிறு உறுப்புகள் இடப்பக்கம் மட்டும்தான். சங்கின் சுழிக்குள் வளைந்து கிடந்த காலத்தின் கோணல் அது. கப்பலில் அவளைப் புரட்டிப் பார்ப்பவர் பார்ப்பது அந்தக் கோணலைத்தான்.

பெயரையும் பார்த்துவிடலாம், தமிழ் படித்தவளுக்கு அந்தச் சபலம் போகாது. ராஜ நண்டு என்றால் பெண்ணும் ராஜாதான், ராணி என்று யாரும் சொல்வதில்லை. 1895இல் பெனடிக்ட் என்ற அமெரிக்க அறிவியலாளர் வைத்த பெயர் லித்தோடஸ் ஈக்விஸ்பைனஸ். கல் போன்றது, சமமான முட்கள் கொண்டது என்று பொருள். ஜப்பானியரோ இன்னொரு முள் நண்டை அசலாக வைத்துக்கொண்டு இதை அதன் போலி என்கிற பொருளில் அழைக்கிறார்கள். ஒரு கரையில் ராஜா, மறு கரையில் போலி. அதற்குச் சங்கடம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி அந்த வயிற்றுக்கு வருகிறேன். பெண் ராஜ நண்டு பழைய ஓட்டைக் கழற்றி மெத்தென்று இருக்கும் அந்தச் சில நாள்களில்தான் இணைசேர முடியும். முந்தைய இணையின் விந்தைச் சேமித்து வைக்கும் பை அவளுக்கு இல்லை. ஒவ்வொரு முறையும் ஆண் வேண்டும். கருவுற்ற முட்டைகளை மூடிக்கடியில் ஏறத்தாழ ஓராண்டு சுமக்கிறாள். ஆழமில்லாத கடலில் வாழும் சிவப்பு ராஜ நண்டு லட்சக்கணக்கில் முட்டையிடும். பொன்னிற நண்டின் முட்டைகள் எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆனால் பெரியவை. பொரித்து வரும் குஞ்சு, நண்டு உருவம் எடுக்கும்வரை எதையும் தேடித் தின்ன வேண்டியதில்லை. கட்டுச்சோறு முட்டைக்குள்ளேயே இருக்கிறது.

இதைத் தாய்மை என்று உருகத் தொடங்கினால் இதே நண்டு நம்மைச் சங்கடப்படுத்தும். அதன் உடம்பில் ஓர் ஒட்டுண்ணி புகும். பெயர் பிரியரோசாக்கஸ். படகின் அடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சுரண்டினாலும் போகாத உயிரி இருக்கிறதே, அந்தக் குலத்தைச் சேர்ந்தது. பொன்னிற ராஜ நண்டில் வாழ்வது தனி இனம் என்று 2016இல் பிரித்து, பொன் என்ற பொருள் வர ஔரேட்டம் என்று பெயர் வைத்தார்கள். பெண் குஞ்சாக வந்து ஒட்டி, நண்டின் உடலுக்குள் வேர்போல் பரவி, சத்தை உறிஞ்சி, கடைசியில் அடிவயிற்று மூடிக்கடியில் ஒரு பையாக வெளியே வருகிறது. பெண் நண்டு முட்டைகளை வைத்திருக்கும் அதே இடம். அதற்குப் பிறகு அந்த நண்டுக்கு இனப்பெருக்கம் இல்லை. ஆனால் அந்தப் பையைத் தன் முட்டைகளைப் போலவே மூடிக்கடியில் காத்துச் சுமக்கிறது.

ஆண் நண்டிலும் இதுவே நடக்கிறது. முட்டையே இட்டிராத ஆண், தன்னுடையதல்லாத பையைத் தாயைப் போலச் சுமக்கிறான். இது போதாதென்று நத்தைமீன் என்ற மெத்தென்ற ஆழ்கடல் மீன் ஒன்றின் பெண், இந்த நண்டின் செவுள் அறைக்குள் தன் முட்டைகளைச் செலுத்திவிட்டுப் போகிறது. நண்டு மூச்சுவிடுவதற்காக ஓடும் நீரில் மீன் முட்டைகள் வளர்கின்றன. இடம் போதாமல் செவுள் நசுங்கிக் கெடுவதும் உண்டு. இங்கும் சுமப்பது ஆணா பெண்ணா என்று மீன் பார்ப்பதில்லை.

பிறந்த பிள்ளையைக் காப்பது பெண்ணுக்கே உரிய உணர்ச்சி, ரத்தத்தில் வருவது என்று நமக்குச் சொல்லப்படுகிறது. இங்கே பிள்ளையும் சொந்தமில்லை, பெண்ணும் தேவையில்லை. சுமத்தல், காற்றோட்டம் கொடுத்தல், காவலிருத்தல் என்று மிஞ்சுவது வேலை. ஓர் உடலிலிருந்து யாரும் கறந்துகொள்ளக்கூடிய வேலை. அதைச் செய்பவரின் பால் எதுவாயிருந்தாலும் கறப்பவருக்கு ஒன்றுதான். இந்த இடத்தில் எனக்கு உற்சாகம் வந்தது உண்மை. ஆனாலும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நண்டிடம் நியாயம் கேட்கப்போவது ஆபத்தான பழக்கம். இன்று ஒட்டுண்ணியைக் காட்டி நான் தாய்மை இயற்கையல்ல என்றால், நாளை வேறொருவர் சிங்கத்தைக் காட்டி நாலு பெண்டாட்டி இயற்கை என்பார். சிமோன் த பூவா 1949இல் 'இரண்டாம் பாலினம்' எழுதியபோது உயிரியலில்தான் தொடங்கினார். எத்தனையோ விலங்குகளின் பெண்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, இந்தத் தகவல்கள் பெண்ணின் விதியை முடிவுசெய்யப் போதாது என்று சொன்னார். நண்டு நமக்குச் சான்று அல்ல. நண்டைப் பற்றி மனிதர் எழுதும் விதியும் குறிப்பும்தான் சான்று. அவற்றை எழுதியது நாம்.

அப்படிப் பார்த்தால், வள மதிப்பீட்டு அறிக்கைகளில் ஒரு சொல் என்னை நிறுத்தியது. பருவமடைந்த பெண் நண்டு, மூடிக்கடியில் முட்டை இல்லாமல் மேலே வந்தால் அதைக் குறிக்கப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்த் தமிழ் 'மலடு'. பொன்னிற நண்டின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அபத்தம் என்று தெரியும். ஓராண்டு சுமந்து பொரித்தபின் அவள் உடனே அடுத்த சுமைக்குப் போவதில்லை. மாதக்கணக்கில் வெறுமனே இருந்துவிட்டுத்தான் மறுபடி ஓடு மாற்றுகிறாள். அந்த மாதங்களில் கூண்டில் ஏறினால் பெயர் மலடு. மாட்டுக்காவது பால் வற்றியிருக்கிறது என்கிறோம். நம் பழைய நீதிப்பாடல் ஒன்று, வாழையும் மூங்கிலும் போல நண்டும் அழியும் காலத்தில்தான் கருவை ஈனும் என்று நம்பியது. பெற்றால் செத்தாக வேண்டும் என்பது பாட்டு, சுமக்காவிட்டால் மலடு என்பது அறிக்கை. இரண்டுக்கும் நடுவே அவள் சாகாமலும் சுமக்காமலும் உயிரோடு இருக்கிற மாதங்களுக்குச் சொல் இல்லை.

சொல்தானே என்று விட்டுவிட முடியாது. அதே அமெரிக்காவில், ஜான்சன் கன்ட்ரோல்ஸ் என்ற மின்கல நிறுவனம் 1982இல் ஒரு விதி கொண்டுவந்தது. மின்கலத் தயாரிப்பில் ஈயம் உண்டு, ஈயம் கருவைக் கெடுக்கும். ஆகவே கருத்தரிக்க இயலாது என்று மருத்துவச் சான்று காட்டும் பெண்களைத் தவிர வேறு எந்தப் பெண்ணும் அந்த வேலைகளில் இருக்கக் கூடாது. திருமணமானவரா, பிள்ளை வேண்டும் என்று நினைக்கிறாரா, வயது என்ன என்ற கேள்வியெல்லாம் இல்லை. மலடு என்று நிரூபித்தால் சம்பளம். வேலையை இழக்காமலிருக்கக் கருத்தடை அறுவைசிகிச்சை செய்துகொண்ட பெண் ஒருவர் வழக்குத் தொடுத்தவர்களில் இருந்தார். அந்தக் கூட்டத்தில் ஓர் ஆணும் இருந்தார். தகப்பனாக விரும்பி, உடம்பில் ஏறிய ஈயத்தைக் குறைத்துக்கொள்ள விடுப்புக் கேட்டவர். அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. ஈயம் ஆணின் விந்தையும் கெடுக்கும் என்பது விதி எழுதியவர்களின் எண்ணத்தில் ஏறவே இல்லை. 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. பிறக்கப்போகும் பிள்ளையைப் பற்றிய முடிவு அதைப் பெறுபவர்களுடையது, முதலாளியுடையது அல்ல.

நம் பக்கத்தில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்கள் இரவில் ஆலையில் வேலை செய்வதைத் தடுத்தது. அதுவும் பாதுகாப்புத்தான். இரவுப் பணிக்கான கூடுதல் கூலியும் பதவி உயர்வும் ஆணுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. கூடவே போக்குவரத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளை முதலாளியின் பொறுப்பாக்கி நிபந்தனைகளும் விதித்தது. பாதுகாப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் செலவை யார் ஏற்பது என்பதை மாற்றியது. அதுவரை அந்தச் செலவை ஏற்றவள் வீட்டில் இருந்தவள்.

பெண்ணைத் தொடாத விதி நண்டுக்கூட்டத்தையாவது காத்ததா என்று கேட்கலாம். பிரிஸ்டல் விரிகுடாவில் சிவப்பு ராஜ நண்டுப் பிடிப்பு 1980இல் சுமார் 13 கோடி பவுண்டு எட்டியது. 1983இல் பிடிப்பையே மூட வேண்டியதாயிற்று. அத்தனையும் ஆண் நண்டுகள்தாம். சிவப்பு குறைந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் ஆழத்திலிருந்த பொன்னிறத்தின் மேல் கண் விழுந்தது. 2021இல் பிரிஸ்டல் விரிகுடா மறுபடி மூடப்பட்டது, அடுத்த பருவமும் திறக்கவில்லை. காரணம், பருவமடைந்த பெண் நண்டுகளின் எண்ணிக்கை விதியில் குறித்த 84 லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. யாரும் பிடிக்காத பெண்கள் எங்கே போனார்கள் என்பதற்குக் கடல் சூடாவதிலிருந்து பல விளக்கங்கள் உண்டு. பெண் இல்லையென்றால் கப்பல் கிளம்பாது என்பது மட்டும் அன்று எல்லோருக்கும் தெரிந்தது. கணக்கில் அவள் முதல் வரி, கூலியில் அவள் பெயரே இல்லை. வீட்டுவேலையைப் பற்றி நாம் பேசும்போதும் இதே கணக்குத்தான் வரும்.

சரி, அந்த மாணவிக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கூண்டைப் பற்றிச் சொன்னேன். பொன்னிற நண்டுக் கூண்டில் சிறியவை வெளியேற வளையங்களோ பெரிய கண்ணுள்ள வலையோ வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. பெண் நண்டுகள் பொதுவாக ஆணைவிடச் சிறியவை. கூண்டைக் கூடுதல் நாள் கடலடியில் விட்டுவைத்தால், இரையைத் தின்றுவிட்டு அவை தாமாகவே வெளியே போய்விடுகின்றன. மேலே வந்து சேரும் பெண்களும் குஞ்சுகளும் குறைகின்றன. அவளை யாரும் இழுக்கவில்லை, புரட்டிப் பார்க்கவில்லை, முட்டை இருக்கிறதா இல்லையா என்று எந்தப் பத்தியிலும் எழுதவில்லை. 20 விழுக்காட்டுக் கணக்கிலும் அவள் வரமாட்டாள். இதற்கு ஆகும் செலவு, கப்பல்காரர் சில நாள் கூடுதலாகக் காத்திருப்பது.

"அவ்வளவுதானா மேடம்?" என்றாள்.

அவ்வளவுதான், ஆனால் டீசல் விலையும் நண்டு விலையும் ஒத்துவரும்போதுதான் காத்திருப்பார்கள் என்றேன்.